பர்ச்சேஸ் ஆர்டர் ஏன் பதினோரு நாள் எடுக்கிறது?

கேள்வி:

இயந்திரங்கள் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றில் நான்கு மாதங்களுக்கு முன் பர்ச்சேஸ் பிரிவின் பொறுப்பை ஏற்றேன். மாதம் ஏறத்தாழ 300 பர்ச்சேஸ் ஆர்டர் போடுகிறோம். இன்டென்ட் (இந்தப் பொருள் வேண்டும் என்று பிரிவுகள் எழுதித் தரும் கோரிக்கை) வந்த நாளிலிருந்து பர்ச்சேஸ் ஆர்டர், அதாவது பி.ஓ., சப்ளையர் கைக்குப் போய்ச் சேரச் சராசரியாக 11 வேலை நாள் ஆகிறது. ஒவ்வொரு பி.ஓ.வுக்கும் ஆறு பேர் கையெழுத்து வேண்டும். அவசரம் என்று உற்பத்திப் பிரிவினர் சப்ளையரிடம் போனிலேயே சொல்லிப் பொருளை வரவழைத்துவிடுகிறார்கள். பில் வந்த பிறகு எங்களிடம் பி.ஓ. கேட்கிறார்கள். அக்கவுண்ட்ஸ் பில்லை நிறுத்தி வைக்கிறது, சப்ளையர் என்னைத் திட்டுகிறார். நிர்வாகம் புது சாஃப்ட்வேர் வாங்கலாம் என்கிறது. வாங்கினால் சரியாகிவிடுமா? இல்லையென்றால் எங்கிருந்து தொடங்குவது? இன்னொன்று: ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் என்னைவிட இருபது வயது மூத்தவர், எந்த மாற்றத்துக்கும் தலையசைக்க மாட்டார். அவரிடம் எப்படிப் பேசுவது?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

சாஃப்ட்வேர் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இப்போது வேண்டாம். ஆறு கையெழுத்தையும் அப்படியே கணினிக்குள் கொண்டுபோனால், மேசையில் காத்திருந்த கோப்பு இன்பாக்ஸில் காத்திருக்கும். மேசையில் கிடந்தாலாவது போகிறவர் வருகிறவர் கண்ணில் படும். ஆறு மாதம் கழித்து இந்தக் கேள்வியை மறுபடி எடுங்கள். எதை வாங்க வேண்டும், எது தேவையே இல்லை என்பது அப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

நீங்கள் கொடுத்த எண்களை வைத்தே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதத்துக்கு 25 வேலை நாள் என்றால் ஒரு நாளைக்கு 12 பி.ஓ. ஒவ்வொன்றும் 11 நாள் உள்ளே இருக்கிறது. 12-ஐ 11-ஆல் பெருக்கினால் 132. எந்த நேரத்தில் போய்ப் பார்த்தாலும் உங்கள் அலுவலகத்தில் 132 கோரிக்கைகள் எங்கேயோ பாதி வழியில் நிற்கின்றன என்று அர்த்தம். இது என் கண்டுபிடிப்பு இல்லை. வரிசையில் நிற்பவற்றின் எண்ணிக்கைக்கும் காத்திருக்கும் நேரத்துக்கும் உள்ள இந்த உறவை 1961-இல் ஜான் லிட்டில் கணித முறைப்படி நிரூபித்தார். வங்கிக் கவுன்டருக்கும் பொருந்தும், பர்ச்சேஸ் கோப்புக்கும் பொருந்தும்.

இப்போது உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: ஒரு பி.ஓ.வுக்கு உங்கள் ஆட்கள் உண்மையில் உட்கார்ந்து வேலை செய்யும் நேரம் எவ்வளவு? கொட்டேஷன் ஒப்பிடுவது, தட்டச்சு செய்வது, சரிபார்ப்பது எல்லாம் சேர்த்தால்கூட பெரும்பாலான ஆர்டர்களுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டாது. மீதிப் பத்து நாளும் யாரும் அந்தக் காகிதத்தைத் தொடுவதில்லை. அதனால்தான் கூடுதல் ஆள் கேட்டாலும், வேகமாகத் தட்டச்சு செய்தாலும் பெரிய பயன் இருக்காது.

எனவே முதல் வேலை, போன மாதத்து பி.ஓ.க்களில் 30-ஐ எடுப்பது. பிரச்சினை வந்தவற்றை மட்டும் பொறுக்காதீர்கள், கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தேதிகளை ஓர் எக்செல் தாளில் எழுதுங்கள். பொருள் தேவை என்று தெரிந்த நாள், இன்டென்ட் எழுதிய நாள், உங்களிடம் வந்த நாள், விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பிய நாள், அது மறுபடி வந்த நாள், கொட்டேஷன் வந்த நாள், ஒவ்வொரு கையெழுத்தும் விழுந்த நாள், சப்ளையருக்கு அனுப்பிய நாள், பொருள் வந்த நாள், ஜி.ஆர்.என். (பொருள் வந்து சேர்ந்தது என்று ஸ்டோர்ஸ் எழுதும் சீட்டு) போட்ட நாள், பில் பணமான நாள். இரண்டு நாள் உட்கார்ந்தால் முடிந்துவிடும். சராசரியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். மிக மோசமான ஐந்தைத் தனியே எடுத்து அவற்றின் கதையைக் கேளுங்கள். நான் இந்தத் தாளைப் போட்ட இடங்களில் எல்லாம் பெரிய இடைவெளிகள் இரண்டே இடத்தில்தான் இருந்தன: இன்டென்ட் முன்னும் பின்னும் அலைந்த இடம், கடைசிக் கையெழுத்துக்குக் காத்திருந்த இடம். உங்களிடம் வேறாக இருக்கலாம். ஆனால் பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

இனி என் முக்கியமான கருத்து. உங்கள் நிறுவனத்தில் பி.ஓ. என்ற ஒரே காகிதம் இரண்டு வேலை பார்க்கிறது. உள்ளே இருப்பவர்களுக்கு அது அனுமதிச் சீட்டு: 'இதை வாங்கலாமா, பணம் இருக்கிறதா?' வெளியே இருப்பவருக்கு அது வாக்கு: 'இந்தப் பொருளை, இந்த விலைக்கு, இந்தத் தேதியில் கொடு, பணம் தருகிறேன்.' இந்த இரண்டும் வேறு வேறு கேள்விகள். அனுமதிக்கு நிறுவனத்துக்குள் பலர் பதில் சொல்ல வேண்டியிருக்கலாம். வாக்கை ஒருவர் கொடுத்தால் போதும், அது தெளிவாக இருந்தால் சரி. நீங்கள் அனுமதியைக் கடைசிவரை தள்ளிப்போட்டு, கொட்டேஷன் வாங்கி, பேரம் பேசி, பி.ஓ. அடித்து முடித்த பிறகு, 'வாங்கலாமா?' என்று ஆறு பேரிடம் கேட்கிறீர்கள். கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வீட்டில் சம்மதம் கேட்பது மாதிரி. ஆறாவது ஆள் 'இது எதற்கு?' என்று ஒரு கேள்வி கேட்டால் எல்லாம் முதலிலிருந்து.

அனுமதியை இன்டென்ட்டுக்கு நகர்த்துங்கள். தேவை உண்மையா, பட்ஜெட் இருக்கிறதா, ஸ்டோர்ஸில் ஏற்கெனவே கிடக்கிறதா, உத்தேச மதிப்பு என்ன? இந்த நான்கும் அங்கேயே முடிய வேண்டும். அப்படி ஒப்புதலான இன்டென்ட்டுக்கு, ஒப்புதலான சப்ளையரிடம், ஒப்புதலான மதிப்புக்குள் போடும் பி.ஓ.வுக்கு உங்கள் பிரிவின் கையெழுத்து மட்டும் போதும். விலை உத்தேச மதிப்பைவிட 5 சதவீதத்துக்கு மேல் கூடினால் மட்டும் ஒப்புதல் கொடுத்தவரிடம் திரும்பிப் போகட்டும். அந்த 5 என்பது வேதவாக்கு இல்லை, உங்கள் பொருளின் விலை ஏறி இறங்கும் வேகத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு கையெழுத்து விஷயத்துக்கு வருவோம். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒருமுறை ஆடிட்டுக்காக ஒப்புதல் நேரங்களைக் கணினியிலிருந்து எடுத்தோம். ஒரு மேலாளர் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆறு நிமிடத்தில் 41 ஆர்டர்களுக்கு ஒப்புதல் கொடுத்திருந்தார். ஒன்றுக்கு ஒன்பது நொடிகூட இல்லை. அவரைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது? தனக்கு முன்னால் நாலு பேர் பார்த்திருப்பார்கள் என்று அவர் நம்பினார். அந்த நாலு பேரும் மேலே இருப்பவர் பார்ப்பார் என்று நம்பினார்கள். கையெழுத்து கூடக்கூடப் பொறுப்பு கரைந்துகொண்டே போகும். தாமதம் மட்டும் கரையாது.

ஆறு பேரிடமும் தனித்தனியாகப் போய் ஒரே கேள்வி கேளுங்கள்: 'இந்தக் காகிதத்தில் நீங்கள் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறீர்கள்? போன ஆண்டில் எத்தனை முறை நிறுத்தினீர்கள்?' ஒருவர் பட்ஜெட் என்பார், ஒருவர் தொழில்நுட்ப விவரம் என்பார், இரண்டு பேர் யோசிப்பார்கள். யோசிக்கிறவர்களுக்குக் கையெழுத்து தேவையில்லை, தகவல் போதும். வாரம் ஒருமுறை ஆர்டர் பட்டியலை அனுப்பிவிடுங்கள். மரியாதையும் குறையாது, கோப்பும் நிற்காது.

மிஞ்சுவதை ஓர் அதிகாரப் பட்டியலாக்கி நிர்வாகத்திடம் ஒப்புதல் வாங்குங்கள். இவ்வளவு மதிப்புவரை பிரிவுத் தலைவர், அதற்கு மேல் ஆலை மேலாளர், அதற்கும் மேல் இயக்குநர். இதில் பலர் செய்யும் தவறு, பெரிய தொகைக்குக் கீழிருந்து மேல்வரை எல்லாரிடமும் வாங்குவது. தேவையை உறுதி செய்ய ஒருவர், தொகைக்குரிய அதிகாரம் உள்ளவர் ஒருவர் என இரண்டு பேர் போதும். ஒருவர் விடுப்பில் போனால் யார் என்பதும் அந்தப் பட்டியலிலேயே பெயரோடு இருக்க வேண்டும். இது இல்லாமல்தான் பாதித் தாமதம். இரண்டு வேலை நாளில் பதில் வராவிட்டால் அடுத்த மட்டத்துக்குத் தானாகப் போகும் என்று எழுதுங்கள். பதில் வராவிட்டால் தானாக ஒப்புதல் ஆகிவிடும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நான் பார்த்த வகையில் அது ஒருநாள் வேறு வடிவில் திரும்பி வந்து கடிக்கும்.

வரம்பு வைத்த உடனே ஒரு தந்திரம் முளைக்கும். வரம்பு 1,000 என்றால் 990-க்கு மூன்று இன்டென்ட் ஒரே வாரத்தில், ஒரே சப்ளையருக்கு வரும். மாதம் ஒருமுறை சப்ளையர் வாரியாக, தேதி வாரியாக வரிசைப்படுத்திப் பாருங்கள், வரம்புக்குச் சற்றுக் கீழே குவிந்து நிற்பது கண்ணில் படும். அதில் பாதி கெட்ட எண்ணம் இல்லை, அவசரம்தான். அப்படியானால் வரம்பு குறைவாக இருக்கிறது என்று பொருள்.

இன்டென்ட் அலைச்சலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பர்ச்சேஸ்காரர்கள் இதை 'யூசர் சரியாக எழுத மாட்டார்' என்று புலம்பிவிட்டு விட்டுவிடுகிறோம். என் ஆரம்ப காலத்தில் 'கையுறை, 200' என்று ஓர் இன்டென்ட் வந்தது. கேட்டவர் நினைத்தது 200 ஜோடி. நான் பி.ஓ.வில் 200 எண்ணம் என்று போட்டேன். சப்ளையரின் விலைப் பட்டியலில் அலகு பெட்டி, ஒரு பெட்டிக்கு 12 ஜோடி. அவர் நேர்மையான ஆள், 200 பெட்டி அனுப்பினார். ஸ்டோர்ஸ்காரர் எண்ணிப் பார்த்து 200 இருக்கிறது என்று ஜி.ஆர்.என். போட்டார். மூன்று பேரும் அவரவர் காகிதப்படி சரி. 2,400 ஜோடி கையுறையை நாங்கள் எத்தனை நாள் வைத்திருந்தோம் என்று கேட்காதீர்கள்.

அன்றிலிருந்து அலகு என்ற கட்டம் காலியாக இருக்கும் இன்டென்ட்டை நான் தொடுவதே இல்லை. உங்கள் படிவத்திலும் சில கட்டங்களைக் கட்டாயமாக்குங்கள்: பொருள் குறியீடு, அலகு, எண்ணிக்கை, எந்த இடத்துக்கு, எந்தத் தேதிக்கு, எந்தச் செலவுக் கணக்கு. 'உடனே' என்பது தேதி இல்லை. 'போன தடவை மாதிரி' என்பது விவரக்குறிப்பு இல்லை, போன தடவை வந்தது சரியில்லை என்று அவரே அடுத்த வாரம் சொல்லுவார். அப்புறம், பொருள் பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள். ஒரே பேரிங் மூன்று பெயரில் மூன்று குறியீட்டில் இருந்தால் மூன்று இடத்தில் இருப்பு, மூன்று விலை. சலிப்பான வேலைதான். ஆனால் எந்த சாஃப்ட்வேர் வந்தாலும் இந்தப் பட்டியலைத்தான் விழுங்கப் போகிறது, குப்பையைக் கொடுத்தால் குப்பையைத்தான் வேகமாகத் திருப்பித் தரும்.

எல்லா ஆர்டரும் ஒரே பாதையில் போக வேண்டியதில்லை. பீட்டர் கிரால்ஜிக் 1983-இல் எழுதிய கட்டுரை ஒன்று இந்தத் தொழிலில் இன்றுவரை பேசப்படுகிறது. ஒரு பொருள் லாபத்தை எவ்வளவு பாதிக்கிறது, அது கிடைக்காமல் போகும் ஆபத்து எவ்வளவு என்று இரண்டு அளவுகோலில் வைத்துப் பொருள்களை நான்கு வகையாகப் பிரித்தார். உங்களுக்கு அந்த நான்கு கட்டமும் இன்று தேவைப்படாது. ஆனால் ஒரு பேனாப் பெட்டிக்கும், ஒரே ஒரு சப்ளையரிடம் கிடைக்கும் வார்ப்புப் பாகத்துக்கும் அதே ஆறு கையெழுத்து, அதே மூன்று கொட்டேஷன் என்றால், உங்கள் கவனம் தவறான இடத்தில் செலவாகிறது என்பது புரியும்.

திரும்பத் திரும்ப வாங்குகிற பொருளுக்கு ரேட் கான்ட்ராக்ட் போடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை விலையும் நிபந்தனையும் பேசி ஒரு பிளாங்கெட் ஆர்டர். அதன் மேல் ஸ்டோர்ஸ் தேவைப்படும்போது இவ்வளவு அனுப்பு என்று ரிலீஸ் மட்டும் கொடுக்கும். மொத்த மதிப்புக்கு உச்சவரம்பும் முடிவுத் தேதியும் கட்டாயம் இருக்கட்டும், இல்லாவிட்டால் அது முடிவே இல்லாத ஆர்டராகிவிடும். உங்கள் 300-இல் எத்தனை திரும்ப வருபவை என்று அந்த 30 தாளிலேயே தெரிந்துவிடும். சிறு செலவுகளுக்கு நிறுவன அட்டையோ முன்பணமோ கொடுத்து மாதம் ஒருமுறை கணக்குக் கேட்டால் போதும்.

எவ்வளவு வாங்குவது என்ற கேள்விக்கும் இங்கே இடமுண்டு. 1913-இல் ஃபோர்டு ஹாரிஸ் என்ற பொறியாளர் ஒரு சூத்திரம் கொடுத்தார். ஆண்டுத் தேவையை ஒரு ஆர்டருக்கு ஆகும் செலவால் பெருக்கி, அதை இரட்டித்து, ஒரு பொருளை ஓராண்டு வைத்திருக்க ஆகும் செலவால் வகுத்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும். ஆண்டுக்கு 1,200 பொருள், ஆர்டர் செலவு 50, வைத்திருக்கும் செலவு 3 என்றால் ஒருமுறைக்கு 200, ஆண்டுக்கு ஆறு ஆர்டர். இதில் எனக்குப் பிடித்தது, அளவு கொஞ்சம் தவறினாலும் அது பெரிதாகத் தண்டிப்பதில்லை. 200-க்குப் பதில் 300 வாங்கினால் ஆர்டர் செலவும் வைத்திருக்கும் செலவும் சேர்ந்து 8 சதவீதம்தான் கூடும். எனவே துல்லியத்துக்காக மெனக்கெட வேண்டாம். மாதம் மூன்று தடவை வாங்குவதை ஒரு தடவையாக்க முடியுமா என்று மட்டும் பாருங்கள்.

போன் ஆர்டர் விஷயம். 'பி.ஓ. இல்லாமல் பணம் இல்லை' என்று நாளைக்கே சுற்றறிக்கை விடும் ஆசை உங்களுக்கு வரும். பொறுங்கள். பதினோரு நாள் காத்திருந்தால் இயந்திரம் நின்றுவிடும் என்பதால்தான் அவர்கள் போன் எடுத்தார்கள். பாதையைச் செப்பனிடாமல் குறுக்குவழியை மட்டும் அடைத்தால் வேலிதான் உடையும். முதலில் ஓர் அவசர வழி திறங்கள். இயந்திரப் பழுது, பாதுகாப்பு, உற்பத்தி நிற்கும் நிலை என மூன்று காரணங்களுக்கு மட்டும், பிரிவுத் தலைவர் சொன்னால் ஒரு மணி நேரத்தில் பி.ஓ. எண் கொடுங்கள், மற்ற காகிதங்கள் அடுத்த வேலை நாளுக்குள். யார் எத்தனை முறை அந்த வழியில் வந்தார்கள் என்று மாதாமாதம் எண்ணி, பெயர் சொல்லாமல் பிரிவு வாரியாக நிர்வாகக் கூட்டத்தில் வையுங்கள். ஒரு பிரிவுக்கு எல்லாமே அவசரம் என்றால் அங்கே திட்டமிடலில் கோளாறு, அதை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, தாளே சொல்லும்.

இந்த வழி இரண்டு மாதம் ஒழுங்காக ஓடிய பிறகு, ஒரு தேதி குறித்து எல்லா சப்ளையருக்கும் எழுதுங்கள்: இந்தத் தேதிக்குப் பின் எங்கள் பி.ஓ. எண் இல்லாத பில்லை ஏற்க மாட்டோம், யார் போன் செய்தாலும் எண் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சப்ளையரே உங்கள் காவல்காரர் ஆகிவிடுவார். ஆனால் அதற்கு முன் தேங்கிக் கிடக்கும் பழைய பில்களைத் தீர்த்துவிடுங்கள். தன் பணம் உங்களிடம் மாட்டிக்கொண்டிருக்கும்போது புது விதியைக் கேட்கும் மனநிலை யாருக்கும் இருக்காது.

வாக்கு என்று சொன்னேனே, அந்த வாக்கில் என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது கடைசியாக எப்போது படித்தார்கள்? பி.ஓ.வின் பின்பக்கத்து நிபந்தனைகளைப் பலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். இங்கிலாந்தில் ஒரு வழக்கு. 1969-இல் பட்லர் என்ற நிறுவனம் ஓர் இயந்திரத்துக்கு 75,535 பவுண்டு என்று கொட்டேஷன் கொடுத்தது. செலவு ஏறினால் விலை ஏறும் என்பது அதன் நிபந்தனை. வாங்கிய எக்செல்ஓ தன் ஆர்டரைத் தன் சொந்த நிபந்தனைகளோடு அனுப்பியது, அதில் விலையேற்றம் கிடையாது. ஆர்டரின் அடியில் கிழித்து அனுப்பும் ஒரு சீட்டு: 'உங்கள் நிபந்தனைகளின்படி ஆர்டரை ஏற்கிறோம்.' பட்லர் அதில் கையெழுத்துப் போட்டுத் திருப்பியது, கூடவே தங்கள் கொட்டேஷனைக் குறிப்பிட்டு ஒரு கடிதமும் வைத்தது. பிறகு கூடுதலாக 2,892 பவுண்டு கேட்டபோது மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. அந்தச் சின்னச் சீட்டுதான் தீர்மானித்தது. ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் வேறு, உங்கள் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் சப்ளையரின் ஒப்புதல் கடிதத்தைப் படிக்காமல் கோப்பில் போடும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள்.

பி.ஓ. அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதும் இங்கே வருகிறது. மின்னணுப் பரிமாற்றத்தில் வட அமெரிக்காவில் புழங்கும் எக்ஸ்12 தரத்தில் ஆர்டருக்கு 850 என்ற எண், ஆர்டரை ஏற்றதற்கான பதிலுக்கு 855, பொருள் புறப்பட்ட முன்னறிவிப்புக்கு 856, இன்வாய்ஸுக்கு 810. பதிலுக்குத் தனி எண் கொடுத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். வாக்கு என்றால் எதிராளியும் 'சரி' சொல்ல வேண்டும். உங்களுக்கு மின்னணு எல்லாம் வேண்டாம், மின்னஞ்சலே போதும்: மூன்று நாளுக்குள் விலை, அளவு, தேதி மூன்றையும் உறுதி செய்து பதில். வராதவர்களை உங்கள் ஆள் நாலாம் நாள் கூப்பிடட்டும். வெளிநாட்டிலிருந்து வருவதானால் இன்கோடெர்ம்ஸ் 2020 விதிகளில் (செலவும் பொறுப்பும் எந்த இடத்தில் கைமாறும் என்று சொல்லும் சர்வதேச வணிக விதிகள்) எது, எந்த இடம்வரை என்பதை முழுதாக எழுதுங்கள். வெறுமனே 'சரக்குக் கட்டணம் உட்பட' என்று எழுதி வைத்தால் துறைமுகத்தில் சண்டை நிச்சயம்.

அக்கவுண்ட்ஸ் பில்லை நிறுத்துவதில் அவர்கள் மேல் கோபப்படாதீர்கள். பி.ஓ., ஜி.ஆர்.என்., இன்வாய்ஸ் மூன்றும் பொருந்த வேண்டும் என்பது அவர்கள் காவல். அந்த மூவழிப் பொருத்தம் இல்லாவிட்டால் வராத பொருளுக்கும் பணம் போகும். ஆனால் ரவுண்டிங்கில் வந்த ஓரிரு காசு வித்தியாசத்துக்குப் பில் ஒரு மாதம் கிடக்கக் கூடாது. விலைக்கு இத்தனை சதவீதம், அளவுக்கு இத்தனை சதவீதம், அதற்கு மேல் ஓர் உச்சத் தொகை என்று சகிப்பு வரம்பு வைக்கச் சொல்லுங்கள். நிற்கும் பில்களை வாரம் ஒருநாள் அரை மணி நேரம் நீங்கள், ஸ்டோர்ஸ், அக்கவுண்ட்ஸ் மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து தீருங்கள். மெயிலில் பேசினால் தீராது.

தாமதத்துக்கு விலையும் உண்டு. பத்து நாளில் கொடுத்தால் 2 சதவீதத் தள்ளுபடி, இல்லாவிட்டால் முப்பது நாளில் முழுத் தொகை என்ற நிபந்தனையை எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்க அற்பம். அந்தத் தள்ளுபடியை விடுவது, இருபது நாள் கூடுதல் அவகாசத்துக்கு 98-க்கு 2 வட்டி கட்டுவது. ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 37 சதவீதம். நிர்வாகத்திடம் பேசும்போது 'கோப்பு தாமதமாகிறது' என்று சொல்வதைவிட இந்த எண்ணைச் சொல்லுங்கள். நன்றாகவே கேட்கும்.

வேகத்தைக் கூட்டும்போது ஒரு விஷயத்தில் மட்டும் சமரசம் வேண்டாம். கேட்பவர், ஆர்டர் போடுபவர், பொருளைப் பெறுபவர், பணம் கொடுப்பவர் நாலும் வேறு வேறு கைகளாக இருக்கட்டும். ஆள் குறைவு என்றால் இரண்டைச் சேர்த்தாலும், ஆர்டர் போடுபவரும் பெறுபவரும் ஒருவராகக் கூடாது. சப்ளையரின் வங்கிக் கணக்கை மாற்றச் சொல்லி மெயில் வந்தால், அந்த மெயிலில் இருக்கும் எண்ணில் கூப்பிடாமல், உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள். இந்த ஒரு போன் செய்யாமல் பெரிய தொகையை இழந்தவர்கள் நிறைய.

கடைசியாக ஸ்டோர்ஸ் அண்ணன். இருபது வயது மூத்தவரிடம் 'புது முறை கொண்டு வருகிறேன்' என்று போனால் தலையசைக்க மாட்டார், சரிதான். அவர் எத்தனை மேலாளர்களின் புது முறையைப் பார்த்திருப்பார்! உங்கள் 30 பி.ஓ. தாளை எடுத்துக்கொண்டு, சரக்கு வண்டி வராத நேரமாகப் பார்த்துப் போங்கள். அவரை உங்கள் அறைக்குக் கூப்பிடாதீர்கள். 'அண்ணே, இதில் ஜி.ஆர்.என். நாள் எனக்குப் புரியவில்லை, ஏன் பொருள் வந்து நாலு நாள் கழித்து?' என்று கேளுங்கள். பி.ஓ. நகலே தன்னிடம் வருவதில்லை, எதை வைத்துப் பெறுவது என்று அவர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித்தான் ஒருவர் சொன்னார். அந்தக் குறையை ஒரே வாரத்தில் தீர்த்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவரே தன் மேசை டிராயரிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். எந்த சப்ளையர் எப்போதும் குறைவாக அனுப்புவார், எவர் பெட்டியில் எண்ணிக்கை தப்பும், எந்தப் பொருள் இரண்டு வருடமாக யாரும் கேட்காமல் கிடக்கிறது என்று எல்லாம் அதில் இருந்தது. உங்கள் ஸ்டோர்ஸிலும் அப்படி ஒரு நோட்டு இருக்க வாய்ப்புண்டு. ரேட் கான்ட்ராக்ட் யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.